நண்டுக்குப் போறது

காலை ஆறரைக்குப் பாதை வெளிக்கிடும்.
வெளியூர்க்காரருக்குச் சொல்லவேண்டும்:
எங்கள் பக்கம் பாதை மிதக்கும்.
இரண்டு தோணிக்கு மேலே பலகை,
இருமிக்கொண்டே ஓடும் எஞ்சின்.
மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு
மோட்டார்சைக்கிள்கள், வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள்,
சாறன் கட்டோடு மருதமுனை ஆதம்பாவா,
உரப்பையில் நண்டோடு தவமலர்,
அவளிலிருந்து மூன்று முழம் தள்ளி நான்.

மூன்று முழத்துக்குக் காரணம் உண்டு.
பங்குனியில் கொடுத்தது பதினெட்டாயிரம்.
இப்போது ஆவணி.

"என்னகா, ரெண்டு நாளாக் காணல்ல?"
"நண்டுக்குப் போனன் டீச்சர்."

நண்டு பிடிக்கப் போனேன் என்று
இங்கே ஒருவரும் சொல்வதில்லை.
கோயிலுக்கு, கடைக்கு, ஆசுப்பத்திரிக்கு,
நண்டுக்கு.
அதுவும் ஓர் ஊர்போல.
பஸ் போகாத ஊர், கண்ணா வேர்களுக்குள்ளே,
இடுப்பளவு சேற்றில்.

நாலாம் வேற்றுமை என்று கரும்பலகையில் எழுதி
கொடை, பகை, பொருட்டு, முறை என்று
கீழே கீழே போட்டுக்கொண்டு போவேன்.
நண்டுக்குப் போனது எதில் சேரும்?
பொருட்டு என்று நான் திருத்துவேன்.
அவளுடைய பெருவிரல் பகை என்று சொல்லும்.
கடன் அந்தப் பட்டியலில் இல்லை.
தேடிப் பார்த்தாயிற்று.

"மகள்ர சோதனை எப்பிடி?" என்பேன்.
"பூரணையில வெறுங்கோதுதான், சதையில்ல,
அமாவாசைக்குப் பாப்பம்" என்பாள்.
இரண்டு பேரும் காசைத்தான் பேசுகிறோம்.

நண்டு கொழுத்தால் வளையில் இராது
என்றார் என் மனிசன்,
அவள் புதுச் சைக்கிளில் போனதைக் கண்ட அன்று.
சங்கத்தில் சீட்டுக் குலுக்கிக் கிடைத்த சைக்கிள் அது என்று
மறுகாதான் தெரிந்தது.
அவரிடம் நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

இன்றைக்குச் சோழகம்.
ஆற்றின் முதுகில் செதில் எழும்பிவிட்டது.
நேசதுரை துறையை விட்டுவிட்டு
தெற்கே தனியே நிற்கிற பனைக்கு மூக்கைப் பிடித்தான்.
வங்கிக்குப் புதிதாய் வந்த பொடியன் பதறினான்:
"துறை அங்க எல்லோ இருக்கு?"
"நண்டோட்டம் தம்பி.
நேராப் பிடிச்சா நேராப் போகாது."

முகம் பனைக்கு, போக்குத் துறைக்கு.
இப்படியே ஐந்து மாதம் நானும் பேசியிருக்கிறேன்.

நடு ஆற்றில் ஒரு கயிறு நெகிழ்ந்தது.
பச்சைக் கரியநிறத்தில், உள்ளங்கையைவிடப் பெரிது,
இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு
பலகைக்கு இறங்கியது.
பிள்ளைகள் வாங்குகளில் ஏறினார்கள்.
சாறன் கட்டு ஆதம்பாவாவின் தலைக்குப் போனது.
பொடியன் மோட்டார்சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்தான்.
சரிந்து போகிற பாதையில் சரிந்து போன நண்டு,
ஒரு கணம் எங்கள் எல்லாரிலும்
அது ஒன்றுதான் நேராய்ப் போனதுபோல இருந்தது.
பிறகு விளிம்பு. பிறகு ஒரு சின்னச் சத்தம்.

"ஐயோ, ஆயிரத்து முந்நூறு!" என்றாள்.
"அதையும் என்ர காசில கழிச்சிருவியா?"
என்று கேட்டது நான்தான்.
எஞ்சின்கூட ஒருமுறை விக்கியது.

தவமலர் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.
"அது உங்களுக்குத்தான் டீச்சர்.
உங்களுக்கெண்டு தனியாக் கட்டி வெச்சது.
எப்பிடித் தாறது எண்டு தெரியாம
மண்டூரில இருந்து யோசிச்சிக்கிட்டு வாறன்."

உங்களுக்கு.
சோக்கட்டி இல்லாமலே
அந்தக் குவ்வை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கையில தந்தாத்தான் தந்தது" என்றேன் கடைசியில்.
"நினைச்சாலே தந்த மாதிரித்தான்" என்றாள்.
"நானும் நினைச்சிட்டன், நீ தந்திட்டாய்,
பதினெட்டையும்?"
அவளுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கினாள்.
ஆதம்பாவா கட்டை இறக்கி வைத்து
ஆளுக்குப் பாதி என்று தீர்ப்புச் சொன்னார்.
அவரை ஒருவரும் கேட்கவில்லை.

பாதை துறையில் முட்டியபோது
மிச்சம் பதினெட்டாயிரமா,
பதினாறாயிரத்து எழுநூறா என்று
நாங்கள் சத்தமாய்ச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்,
நேருக்கு நேர் நின்று.
பின்னால் நிற்கிறவர்கள் இறங்க வழியில்லை.